காணாமல் போன விமானமும், தூங்காத மனசும்

கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையோ, போடி கல்யாண வீடோ... மலேசிய விமானப் பேச்சை எடுத்துப் பாருங்கள். 'கடத்திட்டாங்க', 'ஏதோ தீவுல இறக்கி வச்சிருக்காங்க' என்று ஆளுக்கொரு கதை! 2014 மார்ச் 8-ல் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய அந்த எம்.எச்.370-ல் 239 பேர். சென்னைப் பெண்மணி ஒருவரும் உண்டு. 2015-ல் ரீயூனியன் தீவில் இறக்கைத் துண்டு கரை ஒதுங்கிய பிறகும் கதைகள் ஓயவில்லை.

ஏன் இப்படி? முடிவு தெரியாத விஷயத்தை மனசு தாங்காது. கிடைத்த காரணத்தைப் போட்டு ஓட்டையை அடைக்கப் பார்க்கும். நமக்கு அது வாய்க்கு அவல். வீட்டுக்காரர்களுக்கு? உடலைப் பார்க்காமல் காரியம் செய்யவும் மனசு வராது, செய்யாமல் இருக்கவும் முடியாது. அமெரிக்க நிபுணர் பாலின் பாஸ் இதற்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். தூக்கம் போகும், பசி போகும், படபடப்பு வரும். புது வதந்தி ஒவ்வொன்றும் ஆறின புண்ணைக் கீறும்.

2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் பறந்த விமானப்படையின் ஏ.என்.32-ல் 29 பேர். சிதைவுகள் கிடைத்த செய்தி வந்தது 2024 ஜனவரியில்; கடலுக்கடியில் 3,400 மீட்டர் ஆழம்! ஏழரை வருஷம் போன் மணி அடித்தபோதெல்லாம் அந்த வீடுகளில் எப்படி இருந்திருக்கும்?

உங்கள் தெருவில் யாரையாவது தொலைத்துவிட்டுக் காத்திருக்கும் வீடு இருந்தால், 'உயிரோடதான் இருப்பாரு' என்றும் சொல்லாதீர்கள். 'மறந்துடுங்க' என்றும் சொல்லாதீர்கள். சாப்பாடு கொண்டுபோய், பேசவிட்டுக் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். துணைக்கு நீங்களும் போனால் நல்லது.