அளவு அதேதான், மூளை அதே மூளையல்ல

2020 ஜூனில் மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேடு குப்பத்தில் ஒரு டிரம் கரை ஒதுங்கியது. உள்ளே சீன எழுத்துகள் அச்சிட்ட தேயிலைப் பாக்கெட்டுகள். ஆனால் அவற்றில் இருந்தது தேயிலையல்ல, ஏறத்தாழ 78 கிலோ மெத்தாம்பெட்டமைன். 2024 நவம்பரில் அந்தமான் அருகே மியான்மர் படகொன்றிலிருந்து இந்தியக் கடலோரக் காவல்படை 5 டன்னுக்கும் அதிகமாக இதே சரக்கைக் கைப்பற்றியது. திருப்பாலைவனம், பழவேற்காடு வட்டாரக் குப்பங்களும் இதே வங்கக் கடலைப் பார்த்துத்தான் இருக்கின்றன. இங்குள்ள யாரையும் சந்தேகித்துச் சொல்லவில்லை. கடல் வழியாக வரும் பொருள் மூளையை என்ன செய்யும் என்பது கரையில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போதைக்கு உடம்பு பழகிப்போகும், அதனால் அளவைக் கூட்டுவார்கள் என்பது ஊரறிந்த கதை. மெத்தாம்பெட்டமைன் போன்ற ஊக்கிப் போதைகளில் அது பாதிதான். கிடைக்கும் இன்பம் மங்கிக்கொண்டே போகும். ஆனால் தவிப்பும் படபடப்பும் சந்தேக எண்ணமும் அதே அளவுக்கு, சில வேளை குறைந்த அளவுக்கே, முன்னைவிடக் கடுமையாகக் கிளம்பும். நடுமூளையிலிருந்து நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதிக்கு டோபமின் என்ற வேதிப்பொருளை அனுப்பும் நரம்புகள், ஒவ்வொரு முறையும் மேலும் எளிதில் பொங்கக் கற்றுக்கொள்கின்றன. ராபின்சன், பெரிட்ஜ் என்ற உளவியலாளர்கள் 1993-ல் இதைக் கோட்பாடாகவே வைத்தார்கள்: பிடித்திருப்பது வேறு, வேண்டும் என்று துடிப்பது வேறு, போதைப்பொருள் கூர்தீட்டுவது இரண்டாவதை. தூண்டில் போட்டவன் கண் தக்கையின் சிறு அசைவிலேயே நிற்பதுபோல, பழைய கூட்டாளியின் குரலும் வாங்கிய தெருமுனையும் துடிப்பைக் கிளப்பிவிடும்.

இது எலிகளில் செய்த ஆய்வுகளோடு நிற்கவில்லை. கனடாவின் மான்ட்ரியலில் உடல்நலமுள்ள 10 இளைஞர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில், ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்றே முறை இதே வகை ஊக்கியான ஆம்பெட்டமைன் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும், ஓராண்டு கழித்தும் அதே அளவைக் கொடுத்து மூளையைப் படமெடுத்தபோது, முதல் தடவையைவிட அதிக டோபமின் சுரந்தது. 2006-ல் வெளியான முடிவு இது. சில வேளை மருந்து, ஓராண்டு நினைவு!

ஜப்பானுக்கு இந்தப் பாடம் முன்பே கிடைத்துவிட்டது. போர்க்காலத்தில் ஹிரோபோன் என்ற பெயரில் விற்ற மெத்தாம்பெட்டமைன், 1945-க்குப் பின் சந்தையில் வெள்ளமாகப் பாய, 1951-ல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. மனப்பிறழ்வு தெளிந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்குப் பல காலம் கழித்துச் சிறிதளவு எடுத்ததுமே, ஏன், வெறும் மனநெருக்கடியாலேயே பழைய பிரமைகள் திரும்பியதை அந்நாட்டு மனநல மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

ஆகவே 'எப்போதாவது ஒருநாள்தானே' என்ற சமாதானம் செல்லாது. இடைவெளி விட்டு எடுப்பதே இந்தக் கூர்மையை நன்றாக வளர்க்கிறது என்பது விலங்கு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஒருவர் தொடாமல் இருந்தால் உடம்பு தேறும், தூக்கம் திரும்பும். ஆனால் மூளை முதல் நாளுக்குப் போய்விடாது. மறுபடி தொட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். குடும்பத்தார் மறுபடி தொடுவதைத் திமிர் என்று நினைத்து அடிப்பதும் கோயிலில் சத்தியம் வாங்குவதும் பயன்தராததற்கு ஒரு காரணம் இது.

மெத்தாம்பெட்டமைன் அடிமைத்தனத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. விலகியிருப்பதற்குச் சிறு வெகுமதி தரும் நடத்தைச் சிகிச்சைதான் இருப்பவற்றில் அதிகம் பலன் தருகிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். சிகிச்சைக்குப் போகிறவர் பல வருடங்களுக்கு முன் எடுத்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தூக்கமின்மையோ காரணமில்லாத சந்தேகமோ மறுபடி தலைகாட்டினால், மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.