மாருதி 800-ல் பிறந்த ரேஸ் கார்!

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போன மாருதி 800 ஞாபகம் இருக்கிறதா? அதன் 796 சிசி இன்ஜினை வைத்தே ரேஸ் கார் செய்தவர், கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன்.

மில் குடும்பத்துப் பிள்ளை. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் கலக்கியவர். அன்றைக்கு நல்ல ரேஸ் கார் என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். காசுள்ளவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். கரி வேறு கணக்குப் போட்டார். மாருதியில் முன்னால் இருக்கும் இன்ஜினைத் தூக்கி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். ஒரே ஒரு சீட். இன்ஜினில் ஏதாவது போய்விட்டால், உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் அதே இன்ஜின் என்பதால், யார் நன்றாக ஓட்டுகிறார் என்பதும் தெரிந்துவிடும்!

1988-ல் வந்த இந்த ‘ஃபார்முலா மாருதி’யில்தான் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். அதிலேயே பரிசு மேடை ஏறினார். 2005-ல் ஃபார்முலா 1 போனார். 2010-ல் அங்கே போன கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவரே. இந்தியாவிலிருந்து எஃப்1 ஓட்டியவர்கள் இதுவரை இந்த இருவர் மட்டும்தான்.

இரண்டையுமே கரி பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

வீட்டு காரில் கைவைக்கத் துடிக்கும் தம்பிகளுக்கு ஒரு விஷயம். கரி செய்தது டிராக்கில் ஓட. துவரங்குறிச்சி, மருங்காபுரி பக்கம் நான்குவழிச் சாலையில் சீறிப் பார்க்க அல்ல. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.