வேன் என்ஜினை மாற்றும் முன் மாடல் வருடத்தைப் பாருங்கள்

விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, குளத்தூர் பக்கத்திலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பும் பழைய ஆம்னி வேன்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒரு வேன் வைத்திருக்கும் விவசாயிக்கு இப்போது ஒரு சிக்கல். வேன் 2007 மாடல். என்ஜின் ஆயில் குடிக்கிறது. சைலன்சரில் நீலப்புகை. பாரம் ஏற்றினால் மேட்டில் திணறுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "1998 மாடல் ஆம்னி என்ஜின் ஒன்று ரீபோர் செய்து தயாராக இருக்கிறது. ரெண்டு நாளில் மாட்டித் தருகிறேன்" என்கிறார். சொந்த என்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் பத்து நாள் ஆகும். காய் பறிப்பு நேரத்தில் பத்து நாள் வாடகை வண்டி வைத்தால் கட்டுப்படியாகாது. அந்த என்ஜினை மாட்டலாமா?

கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. ஒரு 5 எச்.பி. என்ஜினின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அங்கே சாதாரணம். ஆம்னியிலும் மேலோட்டமாகப் பார்த்தால் அதே கதைதான். 1984இல் வந்ததிலிருந்து இந்த வேனுக்கு 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின்தான். சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. "எல்லாம் ஒரே என்ஜின்தானே" என்று மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் செலவு வைக்கும்.

1998 மாடல் என்ஜின் கார்புரேட்டர் வகை. கேம்ஷாஃப்ட் தள்ளும் சிறிய பம்பு பெட்ரோலை மெதுவாக இழுத்துக் கொடுக்கும். 2007 மாடல் எம்.பி.எஃப்.ஐ. வகை. டேங்குக்குள் மின்சார பம்பு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர், எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர், அதற்குச் செய்தி சொல்லும் சென்சார்கள், புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் அதில் உண்டு. இரண்டையும் கலந்து கட்டினால் தொல்லைதான். டேங்கில் உள்ள மின்சார பம்பு தள்ளும் அழுத்தத்தைக் கார்புரேட்டர் தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான என்ஜின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். ஆம்னியில் என்ஜின் இருப்பது சீட்டுக்கு அடியில் என்பதை மறக்க வேண்டாம்.

வேறு வழியே இல்லையா? உண்டு. பழைய என்ஜினின் பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 2007 வேனின் சொந்த ஹெட், இன்டேக் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர், சென்சார், வயரிங் எல்லாவற்றையும் அதில் ஏற்றலாம். ஆனால் சென்சார் மாட்டும் இடங்களும் பல் சக்கரங்களும் பொருந்துகிறதா என்று இரண்டு என்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முன்பணம் தர வேண்டும். மாருதி 800 கார் என்ஜின் மலிவாகக் கிடைக்கிறதே என்றும் சிலர் கேட்பார்கள். காரில் என்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். ஆம்னியில் நீளவாக்கில் இருக்கும். சம்ப்பு, மவுன்டிங் எல்லாம் மாறும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

புகைப் பரிசோதனையில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 2 விதி 2005 ஏப்ரலில் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. அதற்குட்பட்ட பெட்ரோல் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 3 சதவீதம் வரை விட்டிருக்கிறார்கள். என்ஜின் 1998ஆக இருந்தாலும் ஆர்.சி.யில் வண்டி 2007 என்றுதான் இருக்கும். அளவும் 2007க்கு உரியதுதான். கார்புரேட்டரை என்னதான் டியூனிங் செய்தாலும் 0.5க்குள் நிற்க வைப்பது பெரும்பாடு.

அடுத்தது ஆர்.சி. புக். என்ஜின் நம்பர் பிளாக்கில்தான் வெட்டியிருக்கும். பிளாக் மாறினால் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதியோடு மாற்றி, 14 நாட்களுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் பதிவைத் திருத்த வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது அதே ஆண்டு வந்த திருத்தம். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள். அதுவரை தப்பித்தாலும், நடுவில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

கழற்றி விற்கும் என்ஜினை வாங்கும்போது அது எந்த வண்டியுடையது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தாகிவிட்டதா என்று கேட்டு, என்ஜின் நம்பர் போட்ட பில் வாங்க வேண்டும். பில் இல்லை என்றால் விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியின் நம்பராக இருந்தால் காவல் நிலையத்துக்கு நடப்பது வாங்கியவர்தான்.

இத்தனையும் பார்த்தால், பிளாக் வெடிக்காமல் இருக்கும் வரை சொந்த என்ஜினையே ரீபோர் செய்வதுதான் லாபம். நம்பர் மாறாது, வயரிங் மாறாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலையவும் வேண்டாம். பத்து நாள் வாடகையை இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முடிந்தால் காய் பறிப்பு ஓய்ந்த மாதத்தில் வேலையை வைத்துக்கொள்ளலாம். அதுவரை ஆயில் அளவை தினமும் காலையில் குச்சி எடுத்துப் பார்த்து ஓட்டலாம்.

ரீபோர் செய்த என்ஜின் எதுவானாலும், எத்தனையாவது போர் என்று கேளுங்கள். இந்த என்ஜினுக்கு 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. 0.50 போட்டு முடித்த பிளாக்கில் அடுத்த முறை கடைய இடமில்லை. ஸ்லீவ் போட வேண்டியதுதான். கம்ப்ரஷன் மீட்டர் வைத்து மூன்று சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை சரியில்லை என்று பொருள். என்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்பு, ஆயில் சீல் மூன்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள்; பிறகு அதற்கென்று தனியாக இறக்கினால் கூலி இரட்டிப்பு. மாட்டிய பிறகு முதல் 1,000 கிலோமீட்டர் வரை முழுப் பாரம் வேண்டாம். மூட்டையைப் பாதியாகக் குறைத்து ஓட்டி, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால், உலோகத் தூள் மின்னுகிறதா என்பது தெரிந்துவிடும்.