வண்டியின் காற்றழுத்தி நின்றுவிட்டால்: மின்பழுதைக் கண்டறியும் முறை

நூல் சிப்பங்களையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளில், டயருக்குக் காற்றடிப்பதற்கென 12 வோல்ட் பாட்டரியால் இயங்கும் சிறு காற்றழுத்தியைப் பொருத்திக்கொள்வோர் உண்டு. அது திடீரென நின்றுவிட்டால், ‘மோட்டார் எரிந்துவிட்டது, புதிது வாங்குக’ என்று உடனே தீர்மானித்துவிடுகின்றனர். சங்கத்தின் பணம் உறுப்பினர் ஒவ்வொருவருடைய பணமுமாகும். ஆதலின், செலவுக்கு ஒப்புதல் அளிக்குமுன் பழுது எங்குள்ளது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கடைமடைக்கு நீர் வராவிடில், மதகு தொடங்கி ஒவ்வொரு மடையாகப் பார்த்துச் செல்கிறோம் அன்றோ? மின்சாரத்திற்கும் அம்முறையே பொருந்தும். பாட்டரியின் நேர்முனையினின்று புறப்படும் மின்னோட்டம் பியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றின் வழியே சென்று எதிர்முனையை மீண்டும் அடைய வேண்டும். இவ்வழியில் ஓரிடம் அறுந்தாலும் மோட்டார் ஓடாது.

முதலாவது, பாட்டரி. எஞ்சின் நின்றிருக்கையில், நன்கு சார்ஜ் ஏறிய பாட்டரி வோல்ட்மீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டை எட்டாவிடில் காற்றழுத்தியைக் குறை கூறுவதிற் பயனில்லை.

இரண்டாவது, பியூஸ். பியூஸ் எரிவது நோயன்று, நோயின் அறிகுறி. அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸை ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். மீண்டும் எரிந்தால், மோட்டாருக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி, அதன் நுனியை நன்கு சுற்றி மூடிய பின் சோதிக்க வேண்டும். அப்போதும் எரியுமாயின், கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொடுகிறது எனக் கொள்ளலாம். எரியாவிடில் குறை மோட்டாரிலோ, அதன் மேலுள்ள சுமையிலோ உள்ளது. ஒருவழி வால்வு கசிந்து, தொட்டியின் காற்று பிஸ்டன்மீது திரும்பி அழுத்தினாலும் மோட்டார் சுழல இயலாமல் பியூஸ் எரியும். காற்றை முழுதும் வெளியேற்றிய பின் எளிதில் ஓடினால், பழுது வால்விலேயன்றி மின்சாரத்தில் இல்லை.

மூன்றாவது, ரிலே. பொத்தானை அழுத்தியதும் ‘கிளிக்’ என்னும் ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் 85, 86 என எண்ணிட்ட முனைகளுக்கிடையே அளந்து பார்க்க. 12 வோல்ட் இருந்தும் ஒலியில்லையேல் ரிலே கெட்டது; வோல்ட் இல்லையேல் பொத்தானையும், அழுத்தம் நிறைந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் அழுத்தச் சுவிட்சையும், அவற்றின் கம்பிகளையும் ஆராய்க. ஒலி கேட்டும், 30 என்னும் முனையில் உள்ள மின்சாரம் 87-இல் வராவிடில் உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகியுள்ளன.

நான்காவது, பலரும் மறப்பது, எர்த் இணைப்பு. துருவோ பெயிண்டோ இடையில் நிற்பதால் 0.1 ஓம் தடை உண்டாயிற்று என்போம். 20 ஆம்பியர் ஓடுங்கால் அங்கே 2 வோல்ட் வீணாகிறது. 40 வாட் வெப்பமும் பிறக்கிறது. மோட்டார் சோர்ந்து சுழல்வதற்கு இதுவே காரணமாகலாம். அது ஓடும்போது மோட்டாரின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க. அரை வோல்ட்டுக்கு மேற்படின், திருகைக் கழற்றித் தேய்த்துத் துலக்கி இறுக்க வேண்டும். இவ்வேலைக்கு உப்புத்தாளும் ஸ்பானருமே போதும்.

சிறிது நேரம் ஓடி நின்று, ஆறிய பின் தானே ஓடுமாயின், வெப்பக் காப்புச் சுவிட்ச் தன் கடமையைச் செய்கிறதென்று அறிக. குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தால், ஓயாமல் ஓடவைக்கும் காற்றுக் கசிவு குமிழியாய்த் தோன்றும்.

ஒன்றை மட்டும் எக்காலத்தும் செய்யலாகாது. எரிந்த பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியையோ, கூடிய ஆம்பியர் பியூஸையோ வைத்தால், அடுத்த முறை எரிவது கம்பியின் உறையாகும். பின்னால் இருப்பதோ நூலும் துணியும். பல குடும்பங்களின் மாத உழைப்பு ஒரு பொறியில் சாம்பலாகும்.

எனவே பார்த்த இடம், அளந்த வோல்ட், மாற்றிய பொருள் ஆகியவற்றை வண்டிப் பதிவேட்டில் தேதியுடன் எழுதி வைப்போமாக. இவை அனைத்தையும் பார்த்து, மோட்டாரின் முனையில் முழு வோல்ட்டும் நல்ல எர்த்தும் இருந்து, காற்றுச் சுமை நீங்கிய பின்னும் அது சுழலாவிடில், அப்போது புதிய மோட்டாருக்குத் தீர்மானம் இயற்றுதல் முறையாகும்.