கணினிக் காவலரின் விழிப்பும் களைப்பும்

இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை என்றதும், கருந்திரையில் பச்சை எழுத்துகள் ஓட, விசைப்பலகையில் விரல்கள் பறக்கும் திரைப்படக் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் அங்கே பெரும்பாலான நேரம் நடைபெறுவது வாசிப்பும் காத்திருப்பும்தான். இரவுக் காவலரின் பணிக்கே அது நெருக்கமானது.

இத்தகைய நிறுவனங்களின் இதயம், 24 மணி நேரமும் இயங்கும் கண்காணிப்பு மையம். வாடிக்கையாளர்களின் கணினிகள், மின்னஞ்சல்கள், சர்வர்கள் ஆகியவற்றில் வழக்கத்துக்கு மாறாக எது நிகழ்ந்தாலும் அங்கே ஓர் எச்சரிக்கை வந்து விழும். முதல் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சுழற்சி முறையில் அமர்ந்து, ஒவ்வோர் எச்சரிக்கையையும் படித்து, 'இது தீங்கற்றது', 'இது ஆராயத்தக்கது' எனப் பிரிப்பது அவர்கள் பணி. ஆராயத்தக்கவை அனுபவம் மிக்க அடுத்த நிலையினரிடம் செல்லும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பிரிப்பில்தான் சிக்கல் இருக்கிறது. நள்ளிரவு 2 மணிக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் ஊழியரின் கணக்கு திறக்கப்படுகிறது. அவர் பயணத்தில் இருக்கலாம். அவருடைய கடவுச்சொல் களவு போயிருக்கவும் கூடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வருகிற எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவை என்பதால், நாளடைவில் மனம் சலிப்படைகிறது. 'புலி வருது' கதையில் ஊரார் ஏமாந்ததும் இப்படித்தான். உண்மையான புலி வந்த நாளில் ஒருவரும் எழுந்து ஓடவில்லை.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டு இறுதியில், அமெரிக்காவின் 'டார்கெட்' விற்பனை நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தனர். குளிர்சாதனப் பணிகளைச் செய்துவந்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லே அவர்களுக்குச் சாவியானது. கடைகளில் பணம் செலுத்தும் இயந்திரங்களில் தீநிரல் பரப்பப்பட்டது. பாதுகாப்பு மென்பொருள் அதனைக் கண்டறிந்து எச்சரித்தது. பெங்களூரிலிருந்து கண்காணித்துக்கொண்டிருந்த குழுவினர் அதனைக் கவனித்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்ததாகவும் பின்னர் செய்திகள் வெளியாயின. ஆனால், உடனடி நடவடிக்கை எடுக்கப்படவில்லை. விளைவு, சுமார் 4 கோடி கடன், பற்று அட்டைகளின் விவரங்கள் களவுபோயின. மறு ஆண்டு மே மாதம் அதன் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார்.

கருவி தவறவில்லை, காவலரும் உறங்கவில்லை. அவர் எழுப்பிய குரலுக்குத்தான் மதிப்பில்லாமல் போனது.

காப்பவர்களின் சிறு பிழையும் பெருந்துன்பமாக மாறும் என்பது இத்தொழிலின் மற்றொரு சுமை. 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்டிரைக்' பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் விமானங்கள் நின்றன. மருத்துவமனைப் பணிகள் பாதிக்கப்பட்டன. இந்திய விமான நிலையங்களில்கூட விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. முடங்கிய கணினிகளில் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாக நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது.

இத்தொழிலில் வெற்றி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓர் ஆண்டு முழுவதும் அசம்பாவிதம் எதுவும் நிகழாவிட்டால், 'இவ்வளவு செலவு எதற்கு?' என்று கேட்கிறார்கள். நிகழ்ந்துவிட்டாலோ, 'உங்களுக்குச் சம்பளம் எதற்கு?' என்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் இடையில் நிற்பவர், தான் கண்ட ஐயத்தை வெளியே சொல்லத் தயங்குவதில் வியப்பில்லை.

அந்தத் தயக்கம் ஆபத்தானது. இணையத் தாக்குதல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்கவும் அது பணித்தது. பழிக்கு அஞ்சி ஓர் ஊழியர் வாய்மூடியிருந்தால், எவ்வளவு கடுமையான விதியும் பயனற்றுப்போகும்.

எனவே, விலையுயர்ந்த மென்பொருள்களை வாங்குவதோடு நிறுவனங்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. பொய் எச்சரிக்கைகளைக் குறைக்கும் வகையில் விதிகளை இடைவிடாது சீரமைக்க வேண்டும். ஐயத்துக்குரிய கணினியை உடனே துண்டிக்கும் அதிகாரத்தை இரவுப் பணியில் இருப்பவருக்கு வழங்க வேண்டும். அது தவறான கணிப்பாக முடிந்தாலும் அவரைத் தண்டிக்கக் கூடாது. தொடர் இரவுப் பணிக்குப் பின் போதிய ஓய்வும் அளிக்கப்பட வேண்டும்.

இத்துறைக்கு வர விரும்பும் இளைஞர்களும் ஒன்றை உணர வேண்டும். இங்கே சாகசத்தைவிடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம். கணினி வலையமைப்பின் அடிப்படை அறிவும், கண்டதைப் பிறர்க்குத் தெளிவாக எழுதிச் சொல்லும் திறனும் இன்றியமையாதவை. சரியாக எழுதப்படாத எச்சரிக்கையும் எழுப்பப்படாத குரலே.

நமது வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் பத்திரமாக இருக்கும் ஒவ்வோர் இரவிலும் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார். அவர் குரல் கொடுக்கும்போது கேட்பதற்கு எதிர்முனையிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.