தலை வெட்டுண்ட சிலைக்குத் திரும்பிய பெயர்

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே முனியப்பன் என்று வணங்கப்பட்டுவந்த சிலை புத்தருடையது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. சிலையை ஆய்வு செய்து அறிக்கை தருமாறு 2017இல் தொல்லியல் துறைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அறிக்கையை ஏற்று, 2022 ஜூலை 19 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அது புத்தர் சிலையே என்று தீர்ப்பளித்தார். இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசைகள் நடத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

மழையிலும் வெயிலிலும் தேய்ந்த ஒரு கல்லை எதை வைத்துப் புத்தர் என்றார்கள்? தாமரைப் பீடத்தில் அமர்ந்த கோலம், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தியானக் கைகள், துறவாடை, சுருள்முடி, உச்சியில் கொண்டை போன்ற எழுச்சி, நீண்ட காதுமடல். இவை அறிக்கையில் உள்ளன. நெற்றிக்குறி தென்படவில்லை என்பதையும், துண்டிக்கப்பட்ட தலை பிற்காலத்தில் சிமென்ட், சுண்ணாம்புக் கலவையால் ஒட்டப்பட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த அறிக்கை நீதிமன்றத்தில் நின்றது.

இந்த வேலை நம் ஆம்பூர், பேரணாம்பட்டு மக்களுக்குப் புதிதல்ல. தோல் ஷாப்பில் தரம் பிரிப்பவர் விரலால் தடவியே உண்ணி கடித்த தடம் எது, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எது என்று சொல்லிவிடுவார். கல்லுக்கும் அந்தக் கண்தான் தேவை. காலம் தேய்த்தது எது, உளி உடைத்தது எது, பிறகு பூசியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து தியானிக்கும் சிலையெல்லாம் புத்தர் அல்ல. நம் பகுதியில் வள்ளிமலை, ஆர்மாமலை போன்ற சமணத் தலங்கள் உள்ளன. தலைக்கு மேல் முக்குடையும் ஆடையற்ற உடலும் இருந்தால் அது தீர்த்தங்கரர். மார்பின் குறுக்கே துறவாடையின் கோடும் உச்சி எழுச்சியும் புத்தரைக் காட்டும். நம் ஆசை சான்றாகாது. ஒரு சிலையைத் தவறாகச் சொன்னால், உண்மையான பத்துச் சிலைகளையும் நம்ப மறுப்பார்கள்.

பெயரில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907 முதல் இதழ் நடத்தினார். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்பதே அவர் முன்வைத்த வரலாறு. ‘உங்களுக்கு வரலாறே கிடையாது’ என்று சொல்லப்பட்ட மக்களுக்கு, ஒரு சிலையின் பெயர் பறிபோவது சிறிய இழப்பல்ல. அதே வேளையில், முனியப்பன் என்று கும்பிட்டவர்களும் எளிய மக்களே. அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. ‘தலைவெட்டி’ என்ற பெயராலேயே, சிலைக்கு நேர்ந்ததை ஊர் மறக்காமல் வைத்திருந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ பழைய சிலையைக் கண்டால் எண்ணெய் பூசாதீர்கள், சுரண்டாதீர்கள், சிமென்ட் வைக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். அளவுகோலை அருகில் வைத்து எடுத்தால் நல்லது. ஊர்ப் பெரியவர்கள் அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வி.ஏ.ஓ., வட்டாட்சியர், தொல்லியல் துறை ஆகியோருக்கு எழுத்தில் தெரிவித்து, மனுவின் நகலைக் கையில் வையுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை.

பெரியேரி வழக்குக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. நம் ஊர்ச் சிலைக்கும் ஒருநாள் அப்படியொரு விசாரணை வரலாம். அன்றைக்குப் பேசப்போவது இன்று நாம் எடுத்துவைக்கும் படமும் குறிப்பும்தான்.