காற்சிரைச் சுருளும் அதற்குரிய புதுச் சிகிச்சையும்

நெடுநேரம் நின்று தொழில் புரிவார் சிலருடைய கெண்டைக்காலில், நீலநிறங் கொண்டு நெளிந்து புடைத்த குழல்களை நாம் கண்டிருக்கின்றோம். 'நரம்புச் சுருட்டு' என்பது இதற்கு மக்கள் வழங்கும் பெயர். நரம்பு என்பது யாழின் தந்தியையும் உடலின் நாளங்களையும் ஒருங்கே குறித்த பழஞ்சொல்; ஆதலின் இவ்வழக்கைப் பிழையென்று தள்ளுதற்கில்லை. ஆயினும், உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பிற்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. சுருண்டு கிடப்பது, இரத்தத்தை இதயத்திற்கு மீட்டுச் செல்லுஞ் சிரையே. 'நரம்பில் ஊசி பட்டாற் கால் முடங்கும்' என்று அஞ்சுவார் இவ்வேறுபாட்டை அறிதல் நலம்.

காலின் இரத்தம் மேல்நோக்கி ஏறவேண்டும். கெண்டைத்தசை சுருங்குந்தோறும் அஃது உந்தப்பெறுகின்றது. உந்தியது கீழே வழியாதபடி சிரைகளினுள்ளே சிறு கதவுகள் உள. பாதுவா நகரத்துப் பேராசிரியர் பப்ரீசியஸ் 1603-இல் இவற்றை நூலாக வரைந்தார். அவர் மாணாக்கராகிய ஹார்வி, இவை இரத்தத்தை ஒருவழியே செலுத்துவன என்று 1628-இல் விளக்கினார். குடிவழி, கருப்பம், முதுமை, உடற்பருமன் முதலியவற்றால் இக்கதவுகள் பழுதுறின், இரத்தம் பின்னோக்கி இழிந்து தேங்கும். காலங் கடப்பின் கணுக்காலருகே தோல் கருத்து, ஆறாப் புண்ணுந் தோன்றும்.

1891-இல் டிரெண்டலென்பர்க் என்னும் ஜெர்மானிய மருத்துவர் தொடைச் சிரையைக் கட்டி அடைத்தார். 1907-இல் அமெரிக்கராகிய பாப்காக், கம்பியொன்றை உள்ளே செலுத்திச் சிரையையே உருவியெடுக்கும் முறையை வெளியிட்டார். பயனுடையதேயாயினும், நோயாளர்க்கு அது பெருந்துன்பம்.

இன்றைய முறையில் உருவுதல் இல்லை. ஒலியலைக் கருவி காட்டும் படத்தை நோக்கி, முழங்காலருகே ஊசித்துளை வழியாக மெல்லிய குழாயொன்றைச் சிரையினுள் ஏற்றுகின்றனர். சிரையைச் சூழ, நீர்த்த மரப்பு மருந்தைப் பெய்கின்றனர். அது நோவை நீக்குவதோடு, வெப்பம் தோலையும் அயலுள்ள நரம்பையும் தாக்காமற் காக்குங் கேடயமுமாகும். பின்னர் லேசர் ஒளியாலேனும் ரேடியோ அலையாலேனும் சிரையைச் சுடுகின்றனர். ரேடியோ அலைக் கருவிகளுள் ஒன்று ஏழு சென்டிமீட்டர்ப் பகுதியை 120 பாகை வெப்பத்தில் இருபது விநாடி சுட்டு, அடுத்த பகுதிக்கு இறங்கும். சிரை சுருங்கி மூடிக்கொள்ளும். நோயாளர் விழித்தபடியே இருந்து, அன்றே நடந்து வீடு செல்வர்.

மூடிவிடின் இரத்தம் எவ்வழி ஏறும்? காலிரத்தத்தின் பெரும்பகுதி தசைக்குள் ஆழ்ந்த சிரைகளாலேயே செல்கின்றது. பழுதுற்ற மேற்சிரையோ, ஏறிய நீரை மீண்டும் வயலுக்கே திருப்பும் உடைந்த மடை போன்றது. அதனை அடைத்தல் இழப்பன்று.

இங்கிலாந்தில் 450 புண்ணாளரைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. இருசாரார்க்கும் அழுத்தக்கட்டு உண்டு. சிரையை விரைந்து மூடப்பெற்றார்க்கு இடைநிலைக் கணக்கில் 56 நாளிலும், அதனைத் தள்ளிவைத்தார்க்கு 82 நாளிலும் புண் ஆறிற்று. புண்ணை மட்டும் பேணி, அதன் காரணத்தை விட்டுவைக்கும் வழக்கம் தகாதென்பது இதனால் விளங்கும்.

நுரைமருந்து ஏற்றுதலும் பசையால் ஒட்டுதலும் இவ்வினத்தனவே. எம்முறையாயினும், ஆழ்சிரைகள் அடைபடாதிருத்தலை ஒலியலைக் கருவியால் முன்னரே தெளிதல் வேண்டும். அவை அடைபட்ட காலில் மேற்சிரையே மாற்றுவழியாய் உதவுதலும் உண்டு. ஆண்டு அதனை மூடுதல் தீங்காம்.